ஏழாவது பாட்டில் குரல் இல்லை

பயப்படுவதில் எனக்கு வெட்கமே கிடையாது. தலையில் பல்லி விழுந்தால் பயப்படுவேன். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் பயப்படுவேன். துப்பறியும் ஆபீசில் உதவியாளன் என்று விசிட்டிங் கார்டு அடித்து வைத்துக்கொண்டு இப்படிச் சொல்வது தொழிலுக்கு நல்லதில்லைதான். என்ன செய்ய, தௌசிஃப் என்ற பெயருக்குக் கீழே ‘தைரியசாலி’ என்று நான் போடவில்லையே!

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வந்த பயம் வேறு ரகம். கூடுவாஞ்சேரி ஜி.எஸ்.டி. ரோட்டில், ஜெராக்ஸ் கடை மாடியில் எங்கள் ஆபீஸ். எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணின் பெயர் மலீஹா. படூரில் இருந்து ஆட்டோ பிடித்து வந்திருந்தாள். முப்பது வயசு இருக்கும். கையிலிருந்த செல்போனை மேஜைமேல் வைத்து, வாட்ஸப்பில் வந்த குரல் பதிவைத் தட்டினாள்.

“மலீ, நான்தான். அந்தப் பழைய கேசட்டு, சாம்பிள் ரெக்கார்டு, ரெண்டையும் எடுத்து வை. எடம் நாலரைக்குச் சொல்லுவாங்க. ஆறு மணிக்குள்ள நீ மட்டும் வரணும். போலீசுக்குப் போனா...”

அதற்குள் கொசு பேட்டில் கொசு மாட்டினாற்போல ‘பட்’டென்று ஒரு சத்தம். உடனே அந்த ஆள் அடிவயிற்றிலிருந்து அலறினான். பதிவு முடிந்தது.

நான் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். எங்கள் முதலாளி லோகநாயகி அக்கா மட்டும் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. இருபத்தாறு வருஷம் போலீசில் இருந்து, ஏட்டம்மாவாக விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர். இப்போது எங்கள் தொழில் பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரிப்பு. குடிப்பானா, எவ்வளவு குடிப்பான், ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறதா, இவ்வளவுதான். ஆளைக் கட்டிப்போட்டு ஷாக் வைக்கிற கேஸ் எல்லாம் எங்கள் மெனுவிலேயே கிடையாது.

“யாரு இது?” என்றார் அக்கா.

“எங்க வீட்டுக்காரரு மேடம். அப்துல் அஹத். வெள்ளிக்கிழமை சாயந்தரம் பைக் எடுத்துகிட்டுப் போனவரு, வரல.”

“இன்னா ரெக்கார்டு அது?”

“அவரு சின்ன வயசுல இருந்த பேண்டோட ரெக்கார்டு.”

“கல்யாணத்துக்கு வாசிப்பாங்களே, அந்த பேண்டா?”

“இல்ல மேடம். ஹார்ட்கோர் பங்க். அதுல மெட்டலும் கலந்தது.”

அக்கா என்னைப் பார்த்தார். “காலி சிலிண்டர் ஏத்தின லாரி ஸ்பீடு பிரேக்கர்ல ஏறினா எப்படிக் கேக்கும்? அதையே தாளம் போட்டு ஏத்தினா அதான்க்கா” என்றேன்.

“தாளம் இருக்குமில்ல? அப்ப சரி. நீ சொல்லும்மா.”

மலீஹா சொன்னாள். 2012-ல் புதுப்பட்டினத்தில் மூன்று பையன்கள் சேர்ந்து ஆரம்பித்த பேண்டு. பெயர் ‘கருவாடு’. விஷால் பாடுவான், அதாவது கத்துவான். தமிழ்வாணன் கிட்டார். அஹத் ட்ரம்ஸ். பாஸ் கிட்டார் வாங்க வசதியில்லாததால் அது இல்லாமலே காலம் தள்ளினார்கள். மூடிக் கிடந்த பழைய ஐஸ் கம்பெனிக் கொட்டகையில், ஒரே நாளில், ஒரே கேசட்டில் ஏழு பாட்டுப் பதிந்தார்கள். அதே நாள் சாயந்தரம் விஷால் கடலில் குளிக்கப் போய் முழுகிப்போனான். மறுநாள் சதுரங்கப்பட்டினம் கரையில் ஒதுங்கினான். அதோடு பேண்டு முடிந்தது. கேசட்டு அஹத் வீட்டுப் பெட்டிக்குள் போய்ப் பதினாலு வருஷம் கிடந்தது.

இந்த வருஷம்தான் அஹத் மனசைத் தேற்றிக்கொண்டு கேசட்டைச் சென்னையில் ஒரு சவுண்ட் இஞ்சினியரிடம் கொடுத்திருக்கிறான். அவர் இரைச்சலை எல்லாம் சுத்தம் செய்து, கறுப்பு இசைத்தட்டாக ஒரு சாம்பிள் அடித்து, கேசட்டோடு சேர்த்துக் கொரியரில் அனுப்பியிருக்கிறார். வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. தலைப்பு ‘உப்பைத் தின்னவன்’.

“அதுவரைக்கும் அவரு கேக்கவே இல்ல மேடம். விஷால் குரலைக் கேக்க தைரியம் வரலன்னாரு. வெள்ளிக்கிழமைதான் மொத தடவ போட்டாரு. ஆறு பாட்டு அழுதுகிட்டே கேட்டாரு. ஏழாவதுல மூஞ்சி மாறிருச்சு. அதையே நாலு வாட்டி திருப்பிப் போட்டாரு. ‘மலீ, இது நான் இல்ல’ன்னு சொல்லிட்டு சாவிய எடுத்தவருதான்.” போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “தமிழ்வாணன் அண்ணன் நேத்து பூரா என்கூடவே தேடினாரு. மாமல்லபுரத்துல சவுண்ட் சர்வீஸ் வெச்சிருக்காரு, தொழிலை விட்டுட்டு வந்து அலைஞ்சாரு பாவம். கேசட்டு என்கிட்டதான் இருக்கு. அதைக் குடுத்துட்டா அவரை விட்ருவாங்கல்ல மேடம்?”

அக்கா நேராகவே சொல்லிவிட்டார். “மாட்டாங்கம்மா. கேசட்டுல கீறது எதுவோ, அது உன் வூட்டுக்காரரு மண்டையிலயும் கீது. கேசட்டைக் கொளுத்திடலாம். மண்டைய இன்னா பண்ணுவான்?”

மலீஹா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கே அழுகை வந்தது.

“நாலரைக்கு அவன் கூப்பிடறதுக்கு மின்ன நாம அங்க போவணும். எங்கன்னு அந்த ரெக்கார்டு சொல்லும். கெளம்பு” என்றார் அக்கா.

படூரில் ஆறாவது மாடி. அஹத் புதிதாக வாங்கிய பிளேயர் ஹாலில் இருந்தது. அக்கா சோபாவில் உட்கார்ந்தார். வால்யூம் திருகு என் பொறுப்பு. உறைக்குள் ஒரு தாள் இருந்தது, ஏழு பாட்டின் வரிகளும் விஷால் கைப்பட எழுதியது. அதை மூக்குக் கண்ணாடியோடு அக்கா கையில் வைத்துக்கொண்டார்.

ஊசியை வைத்தேன். அப்பப்பா! முதல் பாட்டு ஒன்றேகால் நிமிஷம். கிட்டார் அறுக்கிறது, ட்ரம்ஸ் துரத்துகிறது, நடுவில் ஒரு பையன் உயிர் போகிறாற்போலக் கத்துகிறான். ரேஷன் அரிசியில் பூச்சி பார்க்கிற முகத்தோடு அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். ஆறு பாட்டு முடிந்தது.

ஏழாவது ஓடும்போது என் கை வால்யூமைக் குறைத்தது.

“ஏன்டா கொறச்ச?”

“பாங்கு சொல்றாங்கக்கா. முடிஞ்சதும் வெக்கிறேன்.”

“மணி இன்னா?”

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று ஐம்பது. மதிய லுஹர் தொழுகைக்கு அழைக்க இன்னும் நேரம் இருந்தது. ஜன்னலும் சாத்தியிருந்தது, ஏசி ஓடியது. காதை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனேன்.

“அக்கா... வெளிய இல்லக்கா. ரெக்கார்டுக்குள்ள.”

அக்கா எழுந்து வந்து வால்யூமை ஏற்றினார். ஆமாம். கிட்டாருக்கும் ட்ரம்ஸுக்கும் அடியில், தூரத்துப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஒரு வயசான குரல் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தது. ட்ரம்ஸ் நிற்கவில்லை. பாங்கு முடியும் வரை அடித்துக்கொண்டே இருந்தது.

“உன் கை தன்னால போச்சு பாத்தியா” என்றார் அக்கா. “மலீஹா, உன் வூட்டுக்காரரு?”

“நிறுத்திருவாரு மேடம்.” அவள் பிளேயர் பக்கத்தில் வந்து நின்றாள். “எங்க இருந்தாலும் நிறுத்திருவாரு. ஐஸ் கம்பெனில ப்ராக்டீஸ் பண்றப்பகூட, பாங்கு கேட்டா குச்சி ரெண்டையும் ட்ரம் மேல குறுக்க வெச்சிருவாராம். மத்த ரெண்டு பேரும் தண்ணி குடிப்பாங்களாம். அவங்களே அதுக்கு பாங்கு பிரேக்னு பேரு வெச்சிருந்தாங்க.”

“அதான் ‘இது நான் இல்ல’ன்னாரு. சரி, அன்னிக்கு எத்தினி மணிக்கு ஆரம்பிச்சாங்க?”

“ரெண்டு மணிக்கு மேல. மாசாந்திரப் பராமரிப்புன்னு காலையிலேர்ந்து கரண்டு கட்டு. அது இல்லன்னா காலையிலயே முடிச்சிருப்போம், விஷாலும் இருந்திருப்பான்னு வருஷா வருஷம் சொல்லி அழுவாரு. ஏழு பாட்டையும் முடிச்சிட்டு, மூணு மணிக்கு அவரு வீட்டுக்குப் போயிட்டாரு. அவங்க உம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு போன் வந்துச்சாம்.”

“விஷால் கடலுக்குப் போனது?”

“மூணேகாலுக்கு. தமிழ் அண்ணன்தான் போலீஸ்ல சொன்னாரு. அப்புறம் ஒண்டியா கொட்டகையில காத்துகிட்டு இருந்தேன்னு சொன்னாரு.”

அலமாரியிலிருந்து பழைய பேப்பர் துண்டையும் எடுத்துக் கொடுத்தாள். அதிலும் அப்படித்தான் போட்டிருந்தது. நீரில் மூழ்கி மூச்சுத் திணறி இறந்தது பிரேதப் பரிசோதனையில் உறுதியானதாம்.

அக்கா பாட்டுத் தாளை என் முன்னால் ஆட்டினார். “எனக்கு ஒரு பாட்டும் புரியல. ஆனா ஆறுல கத்தல் கேட்டுச்சு. ஏழாவதுல கத்தலே இல்ல. ‘கொக்கி’ன்னு பேரு போட்டு, திருட்டுக் கரண்டு இழுக்கறதப் பத்திப் பன்னெண்டு வரி எழுதிகீறான். ஏன் பாடல?”

“தொண்டை கட்டியிருக்கும்.”

“மொதல்ல உன் வாயக் கட்டு. அஹத் இருந்தப்ப ஏழையும் பாடி முடிச்சாச்சு. அவரு போனப்பறம் கடைசிப் பாட்டுமேலயே திருப்பிப் பதிஞ்சிகீறாங்க. கிட்டார் தமிழ்வாணன். ட்ரம்ஸ் அஹத் இல்ல. அந்தக் கொட்டகையில மிச்சம் கீறது யாரு?”

எனக்குப் புரிந்துவிட்டது. புரியாமலே இருந்திருக்கலாம்.

“பாடறவன் ட்ரம்ஸ்ல குந்திகினான்டா. அதான் குரல் இல்ல. ரெண்டு மணிக்கு மேல வர்ற பாங்கு எது?”

“சாயந்தரத்து அஸர். அங்க நாலரைக்குச் சொல்லுவாங்க.”

“மூணேகாலுக்குக் கடலுக்குப் போனவன் நாலரைக்கு ட்ரம்ஸ் அடிச்சுகினு கீறான். அப்ப பொய் சொன்னது யாரு?”

மலீஹா சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “தமிழ் அண்ணனா? மேடம், நேத்து என் பொண்ணு ஜன்னாவுக்கு அவருதான் சோறு வாங்கிக் குடுத்தாரு...”

“பாட்டு பதிஞ்ச எடத்துலதான் தேடணும்” என்று அக்கா புதுப்பட்டினத்துக்கு வண்டியை எடுக்கச் சொன்னார். எங்கள் மாருதி ஆம்னிக்கு வயசு இருபத்திரண்டு. அதில் ஏசி இல்லை, கண்ணாடி பாதிதான் இறங்கும். ஆனால் கேசட் பிளேயர் உண்டு. ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் தாண்டியதும் அக்கா, “மூலக் கேசட்டைப் போடு. கடைசிப் பாட்டுக்கு அப்புறம் இன்னா கீதுன்னு கேப்போம். இஞ்சினியரு வெட்டினதும் அதுல இருக்குமில்ல” என்றார்.

சவுக்குத் தோப்பும் உப்புக் காற்றும் பக்கத்திலேயே ஓடிவந்தன. நல்ல வெயில். ஏழாவது பாட்டு முடிந்தது. கேசட்டு சும்மா ஓடியது. திடீரென்று ஒரு பையன் மூச்சு வாங்கச் சிரித்தான்.

“எப்டிடா? அஹத் கேட்டான்னா தூக்குல தொங்கிடுவான்!”

என் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே போனான்.

இன்னொரு குரல்: “மச்சான், தாளம் நொண்டுதுடா. ஆனா கெத்து. இப்ப மேல பாடிடலாமா?”

“மைக்க குடு.”

உம்ம்ம் என்று கனத்த ஒரு ரீங்காரம். ஏதோ சரிந்து விழுந்தது. சிரிப்பு வந்த வாயிலிருந்து சிரிப்பும் வரவில்லை, சத்தமும் வரவில்லை. ரீங்காரம் மட்டும்.

“டேய்... விஷாலு? டேய், வெளையாடாத. டேய்!”

டக். கேசட்டு நின்றது.

ஆம்னியை ரோட்டோரம் ஒதுக்கினேன். யா அல்லாஹ், இருபது வயசுப் பையன்!

“ரெண்டாவது கொரலு?” என்று கேட்டார் அக்கா, ரொம்ப மெதுவாக.

“தமிழ் அண்ணன்” என்றாள் மலீஹா.

அந்த நொடியில் அவள் போன் அடித்தது. திரையில் ‘தமிழ் அண்ணன்’ என்று வந்தது.

மலீஹா போனைப் பாம்பைத் தொட்டாற்போல மடியில் போட்டாள். எடு என்று அக்கா கையைக் காட்டினார். அவள் மூன்று முறை மூச்சு இழுத்துவிட்டு எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“மலீஹா, ஏதாச்சும் தெரிஞ்சுதாம்மா?” கனிவான குரல். “நான் செங்கல்பட்டுல ஒரு பங்ஷன்ல மாட்டிகினேன். நீ ஒண்டியா எங்கயும் போவாத. எதுன்னாலும் அண்ணன்கிட்ட சொல்லு, இன்னா?”

“சரிண்ணே.”

“கேசட்டு பத்திரமா கீதுல்ல?”

“இருக்குண்ணே.”

வைத்துவிட்டான். மலீஹா உடைந்து அழுதாள். கேசட்டைக் கேட்டு மிரட்டல் வந்தது பற்றி அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லையாம், எங்களைத் தவிர.

“அவன் பின்னாடி ‘ஓ’ன்னு கேட்டுச்சே, கவனிச்சியா?” என்றார் அக்கா என்னிடம். “செங்கல்பட்டுல ஏரிதான் கீது. அங்க எந்தக் காலத்துலடா அலை அடிச்சுது? வண்டிய எடு.”

புதுப்பட்டினம் பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற மோதினார் நைனா முகம்மது கிடைத்தார். எழுபதைத் தாண்டியவர். விஷால் முழுகிய நாளில் பதிந்தது என்று சொல்லி, என் செல்லில் எடுத்து வந்த பாங்கைக் காதோரம் வைத்தேன். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

“என் தொண்டைதான் தம்பி. அந்தப் புள்ள முழுகின நாளா? நல்லா ஞாபகம் இருக்கு. கரண்டு இல்லாம லுஹருக்கு வெறும் வாயாலதான் சொன்னேன். தெரு முனைக்கே கேட்டிருக்காது. இது மைக்குல சொன்னது, அஸருதான்.” பிறகு எங்களை ஏற இறங்கப் பார்த்தார். “ஐஸ் கம்பெனிய எல்லாரும் மறந்துட்டாங்கன்னு நெனச்சேன். வெள்ளிக்கிழமையிலேர்ந்து ஒரு மைக்செட்டு வண்டி அந்தத் தோப்புக்குள்ள போய்ப் போய் வருது.”

மணி மூன்று.

ஐஸ் கம்பெனிக்கு இருநூறு அடி முன்னால் சவுக்குத் தோப்பில் ஆம்னியை நிறுத்தினோம். மைக்செட்டு வேன் வாசலில் நின்றது. அக்கா தனக்குத் தெரிந்த இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டார். “சைரன் போடாத, ஜீப்பைத் தோப்புக்கு வெளியவே நிறுத்து” என்றார். இருபது நிமிஷம் ஆகுமாம்.

“இருபது நிமிஷம் இங்கியே இருக்கலாம்க்கா. நல்ல நெழலு” என்றேன்.

உள்ளேயிருந்து ஒரு அலறல் கேட்டது. காலையில் போனில் கேட்ட அதே அலறல்.

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். மலீஹாவை வண்டியிலேயே இருக்கச் சொன்னோம், கேட்கவில்லை. எனக்குப் போக மனசில்லை. ஆனால் அந்தத் தோப்பில் தனியாக நிற்க அதைவிட மனசில்லை. போனேன்.

உள்ளே மீன்நாற்றமும் துருநாற்றமும். கூரை ஓட்டை வழியாக வெயில் துண்டு துண்டாக விழுந்தது. ஐஸ் உறைய வைக்கிற பழைய தொட்டியில் முழங்கால் வரை தண்ணீர். அதற்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் கட்டிப்போட்டு அஹத். இரண்டு ஒயர் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. ஒயரின் மறுமுனை ஜெனரேட்டரில் மாட்டிய சுவிட்சு போர்டில். போர்டு தமிழ்வாணன் மடியில். கட்டைவிரல் சுவிட்சின்மேல்.

“அப்டியே நில்லுங்க!” என்று கத்தினான். முப்பத்தைந்து வயசு ஆள், ரௌடி மாதிரியே இல்லை. மூன்று நாளாகத் தூங்காத கண். கை நடுங்கியது. அந்த நடுக்கத்தில் விரல் தவறி அழுத்திவிடுமோ என்றுதான் எனக்குப் பயம்.

“கேசட்டு இந்தா” என்று அக்கா தரையில் வைத்துத் தள்ளினார். “நாங்க கேட்டாச்சு தமிழ்வாணா. நீ கொல்லலன்னு எனக்குத் தெரியும்.”

அவன் வாய் கோணியது. இதற்கே காத்திருந்தவன்போலக் கொட்டத் தொடங்கினான்.

“நான் கொல்லல மேடம்! ரோட்டு லைனுல கொக்கி போட்டது நான். எர்த்து கெடையாது. தரையெல்லாம் ஈரம். அவன் வெறுங்கால்ல வந்து மைக்கைப் பிடிச்சான், அவ்ளோதான். மூக்குல கை வெச்சுப் பார்த்தேன், மூச்சே இல்ல. வயசு இருபத்தொண்ணு மேடம் எனக்கு. கேசாயிடும், ஜெயிலுன்னு பயந்துட்டேன். தோப்பு வழியா இழுத்துகினு போயி கடல்ல விட்டேன். செத்தவனைத்தான் விட்டேன்!”

காலையில் படித்த பேப்பர் துண்டு என் கண்ணுக்குள் வந்தது. நீரில் மூழ்கி மூச்சுத் திணறி. செத்தவன் எப்படி மூச்சுத் திணறுவான்? நான் வாயைத் திறந்தேன். அக்கா என் காலை ஓங்கி மிதித்தார்.

தமிழ்வாணன் கட்டைவிரல் இன்னும் சுவிட்சிலேயே இருந்தது. “நீங்க போலீசா மேடம்?”

“இருந்தேன். இருபத்தாறு வருஷம்.”

“அப்ப சொல்லுங்க.” கண்ணீர் தாடியில் இறங்கியது. “ரிப்போர்ட்டுல முழுகிச் செத்தான்னு போட்டாங்களே. அது எப்படி? கரண்டுலதான செத்தான்? இவனும் அதத்தான் கேட்டான் மேடம், வெள்ளிக்கிழமை வந்து. ‘அவன் உசுரோட இருந்தானாடா, உசுரோடவா போட்ட’ன்னு கேட்டான். கேட்டுகினே கீறான். வாயை மூடச் சொன்னா மூட மாட்டேன்றான்...”

தொட்டிக்குள் அஹத் தலையைத் தூக்கினான். மலீஹா என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், நகம் தோளில் பதிந்தது. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா என்ன சொல்கிறாரோ அதில்தான் அஹத் உயிர் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்தது.

அக்கா சிரித்தார். சலிப்பான ஏட்டம்மா சிரிப்பு.

“அட போப்பா. கடல்ல ஒதுங்கின பொணத்தை எவன் அறுத்துப் பாக்கறான்? மேலாக்க பாத்துட்டு ‘முழுகிட்டான்’னு எழுதிட்டுப் போயிடுவானுங்க. இதே கையால எத்தினி ரிப்போர்ட்டு வாங்கிகீறேன் தெரியுமா? மைக்கப் பிடிச்சப்பவே அவன் உசுரு போயிடுச்சு. நீ விட்டது வெறும் ஒடம்பைத்தான்.”

“நெஜமாவா?”

“என் புருசன் மேல சத்தியம்.”

தமிழ்வாணன் அக்காவையே பார்த்தான். பிறகு விரலை எடுத்தான். போர்டை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு கேவிக் கேவி அழுதான்.

என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே வீரச் செயல் அப்போதுதான் நடந்தது. ஓடிப்போய் ஜெனரேட்டரை அணைத்தேன். மலீஹா உடுத்திய உடையோடு தொட்டிக்குள் குதித்தாள்.

போலீஸ் வந்தபோது அஹத் வாசலில் உட்கார்ந்திருந்தான். மலீஹா அவன் கால் புண்ணைத் துப்பட்டாவால் சுற்றிக்கொண்டே, “யார்கிட்டயும் சொல்லாம போவியா, போவியா” என்று முதுகில் அடித்துக்கொண்டிருந்தாள். அவன் அடியை வாங்கிக்கொண்டே என்னிடம் சொன்னான்: “ட்ரம்ஸ் கத்துக்குடுடான்னு கெஞ்சிகினே இருப்பான் பாய். நான் தொடவே விட மாட்டேன். நல்லாத்தான் அடிச்சிருக்கான்.”

தமிழ்வாணனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஜீப்பில் ஏறும்முன் திரும்பி நின்று, விலங்கு மாட்டிய கையை அக்காவைப் பார்த்துக் கூப்பினான். “பதினாலு வருசமா இந்த ஒரு வார்த்தைய யாராச்சும் சொல்ல மாட்டாங்களான்னு இருந்தேன் மேடம். கோர்ட்டுக்கு வந்து சொல்லுவீங்கல்ல?”

“வருவேன்பா” என்றார் அக்கா.

ஜீப் மறையும் வரை பொறுத்திருந்தேன். “அக்கா, நெஜமாவே பாக்காமதான் எழுதுவாங்களா?”

“எவன்டா பாக்காம எழுதுவான்?” அக்கா செருப்பைத் தேடி மாட்டினார். “படூர்லயே ஸ்டேஷன் ரைட்டர்கிட்ட கேட்டு வெச்சேன். மாமல்லபுரம் தாண்டினதும் பழைய ஃபைலைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிட்டான். நெஞ்சு நெறைய கடல்தண்ணி. தொண்டையில மணலு.”

அப்படியென்றால் அலையில் விட்டபோது விஷாலுக்கு உயிர் இருந்திருக்கிறது.

“இவனுக்கு எப்பக்கா சொல்லப் போறீங்க?”

“நான் ஏன் சொல்லணும்? கோர்ட்டுல டாக்டரு வந்து கூண்டுல நின்னு படிப்பாரு. அப்ப கேட்டுக்குவான். என்னைத்தான் பாப்பான்.”

ஆம்னிக்கு அருகே வந்ததும் அக்கா என்றைக்கும் இல்லாத வழக்கமாகப் பின் சீட்டுக் கதவைத் திறக்கப் போனார். கைப்பிடியில் விரல் நிற்காமல் வழுக்கி வழுக்கிப் போனது.

“கதவைத் தொறந்து வுடுடா” என்றார். “வூட்டுல போயி என் புருசன் காலைத் தொடணும்.”